வாக்குப் பெட்டிக்கு முன்னால் ஒரு பணப் பெட்டி

    

தேர்தல் வெற்றியை முடிவு செய்வது மக்கள் மனமா, பணமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் அமெரிக்காவைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒரு கறுப்பின இளைஞர் ஒபாமா 2008-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தாரே! நம்ம சென்னையில் பிறந்த சியாமளா அம்மாவின் மகள் கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதியானாரே! அங்கே நிறமும் பணமும் எங்கே குறுக்கே வந்தது?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா, அதே அமெரிக்காவுக்குத்தான் நானும் போகிறேன். விசா செலவு உங்களுடையது! (சிரிப்பு)

முதலில் அந்த ஊரில் தேர்தல் நன்கொடை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம்ம வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம் அல்லவா? நோட்டில் பெயர், ஊர், தொகை. அங்கேயும் அப்படித்தான். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தால் அவர் பெயர், விலாசம், தொழில், யாரிடம் வேலை பார்க்கிறார் என்பது வரை கணக்கில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஒரு தனிமனிதர் ஒரு வேட்பாளருக்குக் கொடுப்பதற்கு உச்சவரம்பும் உண்டு. 2025-26 தேர்தல் காலத்தில் அது ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றுக்கு ஒன்று, பொதுத்தேர்தலுக்கு ஒன்று. ஆக, 7,000.

'வரம்புதான் இருக்கே, அப்புறம் என்ன?' என்பீர்கள். வாசலுக்குத்தான் பூட்டு, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். வேட்பாளர் கையில் கொடுக்காமல், தனியாக நின்று அவருக்காக விளம்பரம் செய்தால், கம்பெனிகள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று ஆனது. அதன் பின்னாலேயே 'சூப்பர் பேக்' என்கிற அமைப்புகள் முளைத்தன. அவற்றுக்கு வரம்பே கிடையாது. 2024 தேர்தலில் ஈலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் இறக்கிய பணம் 25 கோடி டாலருக்கு மேல். ரூபாய்க் கணக்கை நீங்களே வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சைபர் மறந்துபோகிறது. (சிரிப்பு)

சரி, இந்த மொய் நோட்டில் பெயர் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? 200 டாலருக்கு மேல் கொடுப்பவர்கள் அந்த நாட்டு மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த இரண்டு பேர் யார் என்பதுதான் கேள்வி.

நன்கொடைச் சீட்டில் இனம் கேட்பதில்லை. ஆனால் விலாசம் கேட்கிறார்கள் பாருங்கள், அது காட்டிக் கொடுத்துவிட்டது. 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. 2000, 2002 ஆகிய இரண்டு தேர்தல்களில் தனிநபர்கள் கொடுத்த பணத்தையெல்லாம் பின்கோடு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு டாலர் அளவுக்கு, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் வட்டாரங்களிலிருந்து வந்திருந்தது. அப்போது நாட்டில் வெள்ளையர் நூற்றுக்கு எழுபது பேர்தான். நியூயார்க்கில், மன்ஹாட்டன் கிழக்குப் பகுதியில் 10021 என்று ஒரு பின்கோடு. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் பணக்கார வட்டாரம். அந்த ஒரு பின்கோடு கொடுத்த பணம், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களும் ஆசியர்களும் மிகுதியாக வாழும் முந்நூற்றுச் சொச்சம் பின்கோடுகள் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம்!

"அவங்களுக்கு அரசியலில் ஆர்வம் இல்லை, கொடுக்கலை" என்று எதிரணித் தம்பி ஒருவர் முணுமுணுக்கிறார். தம்பி, ஆர்வம் இருக்கிறது, காசு இல்லை. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கு இது. வெள்ளைக் குடும்பங்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களை அப்படியே நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 44,900. ஆறில் ஒரு பங்கு! இது சோம்பேறித்தனத்தால் வந்தது இல்லீங்க. 1930-களில் அரசாங்க வீட்டுக்கடன் அமைப்பே ஊர் வரைபடத்தை எடுத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் பூசியது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று அர்த்தம். மற்றவர் கடன் வாங்கி வீடு கட்டினார்கள், வீடு விலை ஏறியது, பிள்ளைக்குப் போனது. இவர்கள் வாடகை கட்டினார்கள். வாடகை ரசீது பேரனுக்குச் சொத்தாகுமா?

இப்போது இப்படி ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிவப்பு பூசிய தெருவில் வளர்ந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறார். கட்சிக்காரர் அவரிடம் முதலில் என்ன கேட்பார்? கொள்கையா? அதெல்லாம் அப்புறம். "உங்க டெலிபோன் புத்தகத்தை எடுங்க. இதில் இருக்கிறவங்ககிட்ட எவ்வளவு தேறும்?" அவர் புத்தகத்தில் யார் இருப்பார்? கூட வேலை பார்க்கும் டீச்சர், பேருந்து ஓட்டுநர், ஆஸ்பத்திரி நர்ஸ், பெரியப்பா மகன். இன்னொருவர் புத்தகத்தில் வக்கீல், வங்கிக்காரர், கட்டட முதலாளி. இருவரும் நூறு நூறு பேரைக் கூப்பிடட்டும். உழைப்பு ஒன்றுதான், வசூல் ஒன்றா? இங்கேதான் ஐயா பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தோற்றவர் பட்டியலில்கூட அவர்கள் பெயர் இருக்காது, ஏனென்றால் அவர்கள் நிற்கவே இல்லை.

தப்பித் தவறி ஜெயித்துவிட்டாலும் போன் கையை விட்டு இறங்காது. 2013-ல் ஜனநாயகக் கட்சி தன் புது உறுப்பினர்களுக்கு ஒரு மாதிரி அட்டவணை கொடுத்தது; அது பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. ஒரு நாளில் நன்கொடை கேட்டுப் போன் பேச நாலு மணி நேரம். சபைக்கும் குழுக்கூட்டங்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம்! அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நிதி கேட்கச் சட்டம் இடம் தராது. அதனால் பக்கத்திலுள்ள கட்சிக் கட்டடத்துக்கு நடந்து போய்ப் பேசுகிறார்கள். நாலு மணி நேரம் எப்போதும் வசதியானவர் குரலையே கேட்டால், நாட்டுக் கவலை என்றால் என்னவென்று காது எதைப் பழகும்?

இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்று அரசியல் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர். 2013-ல் ஓர் அமைப்பின் மூலம் 191 காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குக் கடிதம் போனது. காங்கிரஸ் என்றால் அங்கே நாடாளுமன்றம்; நம்ம கட்சி இல்லை, பயப்படாதீங்க. (சிரிப்பு) 'உங்கள் தொகுதியிலிருந்து சிலர் உங்களைச் சந்திக்க விரும்புகிறார்கள்' என்று கடிதம். எல்லாம் ஒரே கடிதம்தான். ஆனால் சிலவற்றில் 'தொகுதி மக்கள்' என்று எழுதியிருந்தது. சிலவற்றில் 'தொகுதி நன்கொடையாளர்கள்' என்று எழுதியிருந்தது. இந்தச் சொல் ஒன்றுதான் வித்தியாசம். நன்கொடையாளர் என்று போட்ட கடிதத்துக்கு, உறுப்பினரோ அவருடைய மேல்மட்ட அதிகாரியோ சந்தித்தது மூன்று, நான்கு மடங்கு அதிகம். ஒரே சொல் ஐயா! நான் முப்பது வருடம் தமிழ் இலக்கணம் நடத்துகிறேன், ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு என்று பையன்களுக்குப் புரிய வைக்க முடியவில்லை. (கைதட்டல்)

இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் பெண்ட் என்று ஒரு மாவட்டம். அங்கே 1889-லிருந்து ஜேபேர்ட் சங்கம் என்று ஒன்று. வெள்ளையர் மட்டும் உறுப்பினர். ஊர்த் தேர்தலுக்கு முன்னால் சங்கம் தனக்குள் ஒரு தேர்தல் வைக்கும். அதில் ஜெயித்தவர் கட்சித் தேர்தலில் நிற்பார், பெரும்பாலும் எதிர்ப்பே இருக்காது. அப்புறம் பொதுத்தேர்தலில் கறுப்பினத்தவர் தாராளமாக ஓட்டுப் போடலாம்! எல்லாம் முடிந்த பிறகு! 1953-ல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. வர்ஜீனியாவில் ஓட்டுப் போட ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. 1966-ல் அதையும் எறிந்தது. ஒருவர் கையிலிருக்கும் பணத்துக்கும் அவருடைய வாக்குத் தகுதிக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னது. நெஞ்சாரப் பாராட்டுகிறேன். ஆனால் சரியாகப் பத்து வருடம் கழித்து, 1976-ல், அதே நீதிமன்றம் தேர்தல் செலவும் ஒருவகைப் பேச்சுரிமைதான், அதற்கு வரம்பு கட்டக் கூடாது என்றது. வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்றது. பணம் பேச்சென்றால், பணமில்லாதவன் ஊமையா? அங்கேயே சில சட்ட அறிஞர்கள் இதற்குச் 'செல்வர்களின் முதல் சுற்று' என்று பெயர் வைத்தார்கள். ஜேபேர்ட் சங்கத்தில் தோலைப் பார்த்தார்கள். இங்கே பையைப் பார்க்கிறார்கள். அந்த ஊர் வரலாற்றில் தோலும் பையும் சேர்ந்தே வருகிறது என்பதுதான் வேதனை.

இப்போது அம்மையார் சொன்ன கமலா ஹாரிஸுக்கு வருகிறேன். 2019-ல் அவர் ஜனாதிபதி வேட்பாளராக நிற்க முயன்றார். டிசம்பர் 3-ஆம் தேதி விலகிவிட்டார். ஏன்? நான் பெரும் கோடீஸ்வரி இல்லை, என் பிரசாரத்துக்கு நானே பணம் போட முடியாது என்று அவரே காரணம் சொன்னார். கருத்துக் கணிப்பிலும் சறுக்கியிருந்தார், மறைக்க மாட்டேன். ஆனால் தேதியைக் கவனியுங்கள். முதல் வாக்குப் பதிவு 2020 பிப்ரவரியில். ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதற்குள் ஆட்டம் முடிந்தது. அவர் விலகுவதற்கு ஒன்பது நாள் முன்னால் அதே கட்சியில் களத்தில் குதித்தவர் யார் தெரியுமா? மைக்கேல் புளூம்பெர்க். பெரும் செல்வர், எவரிடமும் நன்கொடை வாங்காதவர். விவாத மேடை ஏற இத்தனை பேரிடம் நன்கொடை பெற்றிருக்க வேண்டும் என்று அதுவரை ஒரு விதி இருந்தது. ஜனவரி கடைசியில் கட்சி அந்த விதியை எடுத்துவிட்டது. பிப்ரவரியில் அவர் மேடை ஏறினார்!

அம்மையார் சிரிக்கிறார். எனக்குத் தெரியும் ஏன் என்று. "அந்தப் புளூம்பெர்க் நூறு கோடி டாலர் செலவழித்துவிட்டு, அமெரிக்கன் சமோவா என்ற சின்னத் தீவுகளில் மட்டும்தானே ஜெயித்தார்!" உண்மை. "ஜேமி ஹாரிசன் என்ற கறுப்பின வேட்பாளர் 2020-ல் தென் கரோலினாவில் 13 கோடி டாலர் திரட்டியும் தோற்றாரே!" அதுவும் உண்மை. 2024-ல் கமலா ஹாரிஸுக்குச் சில மாதத்தில் நூறு கோடிக்கு மேல் சேர்ந்தது. பைடனோடு சேர்ந்து திரட்டிய பெட்டி கையில் தயாராக இருந்தது. அப்படியும் தோற்றார். ஒத்துக்கொள்கிறேன். பணம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவே இல்லை அம்மா. கடைசி வாசலில் மக்கள் நிற்கிறார்கள், சரி. முதல் வாசலில் யார் நிற்பது என்றுதான் கேட்கிறேன்.

ஒபாமாவுக்குச் சில்லறைச் சில்லறையாக இணையத்தில் சேர்ந்தது. கூடவே பெரிய தொகைகளும் சேர்ந்து, மொத்தம் 75 கோடி டாலர் அளவுக்குப் போனது. அதற்காக அரசு தரும் தேர்தல் நிதியையே வேண்டாம் என்றார். அவருக்கு முன்னால் 1972-ல் ஷிர்லி சிஷோம் என்ற அம்மையார் நின்றார். காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினப் பெண். குழந்தைகள் பள்ளி ஆசிரியை. அப்பா ஆலைத் தொழிலாளி, அம்மா தையல்காரர். விலைபோகாதவள், எவர் சொல்லுக்கும் ஆடாதவள் என்பதுதான் அவருடைய முழக்கம். கையில் பணமில்லை. மாநாட்டில் 152 வாக்கு வாங்கினார்.

அவர் தொகுதியில் இருந்த பகுதிதான் புருக்ளினின் பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட். அந்தப் பேட்டையில் பின்னாளில் ஒரு நல்லது நடந்தது. நியூயார்க் நகரம் 1988-ல் ஒரு சட்டம் போட்டது. சாமானியர் சிறு தொகை கொடுத்தால் நகராட்சி தன் பங்குக்குப் போடும். முதலில் ஒன்றுக்கு ஒன்று. பிறகு ஒரு டாலருக்கு ஆறு. இப்போது எட்டு வரை. பத்து டாலர் கொடுக்கும் நர்ஸம்மா தொண்ணூறு டாலர் கொடுத்தவர் ஆகிவிடுகிறார்! 2012-ல் கணக்குப் பார்த்தார்கள். இந்த ஏற்பாடு உள்ள நகரசபைத் தேர்தலில், ஊரின் குட்டிக் குட்டி வட்டாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் ஒரு சிறு நன்கொடையாளராவது இருந்தார். இந்த ஏற்பாடு இல்லாத மாநிலச் சட்டசபைத் தேர்தலில் முப்பதில்தான் இருந்தார். ஊர் ஒன்று, மக்கள் ஒன்று.

சியாட்டில் நகரம் இன்னும் ஒரு படி போனது. 2015-ல் மக்களே வாக்களித்து ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2017-லிருந்து தேர்தல் வருடத்தில் வீட்டுக்குத் தபாலில் நாலு சீட்டு வரும், ஒவ்வொன்றும் 25 டாலர். சொத்து வரியிலிருந்து வரும் பணம். பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கலாம். குடியுரிமை இன்னும் கிடைக்காமல், நிரந்தரமாய்த் தங்க அனுமதி மட்டும் பெற்றவருக்கும் இது உண்டு. ஓட்டுப் போட முடியாதவர், ஆனால் வேட்பாளர் அவர் வீட்டுக் கதவையும் தட்டித்தான் ஆக வேண்டும். குறையும் சொல்லிவிடுகிறேன்: முதல் தேர்தலில் சீட்டைப் பயன்படுத்தியவர்களில் வயதானவர்களும் வெள்ளையர்களும்தான் கூடுதல். கையில் சீட்டு வந்தவுடன் பழக்கம் வந்துவிடாது அல்லவா? ஆனாலும் 2025 ஆகஸ்டில், திட்டத்தைத் தொடரலாமா என்று கேட்டபோது, அந்த ஊர் மக்கள் வரி கட்டச் சம்மதித்து மறுபடியும் வாக்களித்தார்கள்.

நடுவர் ஐயா மணியடித்துவிட்டார். அம்மையார் ஏதோ குறித்துக்கொள்கிறார். நான் உட்கார்ந்ததும் சியாட்டிலைத் தன் கட்சிக்கு இழுத்துக்கொள்வார் என்று தெரியும். தாராளமாக இழுத்துக்கொள்ளட்டும்.  (கைதட்டல்)