பாதி வரைந்த கோப்பை

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு பிரபு வெள்ளி மதுக்கோப்பை செய்யச் சொன்னால், உலை மூட்டுவதற்கு முன்பே ஒரு தாள் அவர் கைக்குப் போகும். இறகுப் பேனாவால் வரைந்த கோப்பை அதில் இருக்கும். சில தாள்களில் இடப்பக்கக் கைப்பிடி பாம்பாக நெளியும். வலப்பக்கத்தில் அதே இடத்தில் கடற்கன்னி முதுகை வளைத்திருப்பாள். ஒரே கோப்பைக்கு இரண்டு யோசனை. பிரபு பிடித்ததைச் சொல்ல வேண்டியதுதான். இரு பக்கமும் ஒன்றே என்றால் பாதியை மட்டும் வரைந்து நிறுத்துவதும் உண்டு. மறுபாதி எப்படியிருக்கும் என்று பட்டறைக்குத் தெரியும்.

நானும் மைப்பேனாவில் வரைகிறவன். என் கண் முதலில் போவது கோப்பையின் வயிற்றுக்குத்தான். பளபளப்பைக் காட்ட அங்கே பெரும்பாலும் எதையும் பூசுவதில்லை. சுற்றிலும் நீர்த்த மையைத் தூரிகையால் ஓடவிட்டு, தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைப்பார்கள். அந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்தால் வெள்ளி மங்கிவிடும், அழித்துத் திருத்த முடியாது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

அப்போது பரவலாகப் புழங்கிய மையின் சரக்கெல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி, கொஞ்சம் வேலம்பிசின். வரைந்ததும் கருக்கும், காலம் போகப் போகப் பழுப்பாகும். நாம் ரசிக்கிற பழுப்பு, வரைந்தவர் கண்ட நிறமே அல்ல. அதன் அமிலம் தாளையும் அரிக்கும். அழுத்தி வரைந்த நிழல், ஓட்டையாகிவிடுவதும் உண்டு.

அப்படியும் தாள் தப்பியது, வெள்ளி தப்பவில்லை. 1689-இல் போர்ச் செலவுக்காக பிரான்ஸின் 14-ஆம் லூயி, வெர்சாய் அரண்மனை வெள்ளிச் சாமான்களையே உருக்கக் கொடுத்தார். கண்ணாடிக் கோப்பையோ கை தவறினால் போச்சு; அதுவும் தாளில்தான் தங்கும். ரோமில் ஜொவான்னி மாஜ்ஜி என்ற கலைஞர் 1604-இல் கண்ணாடிக் கோப்பைகளாகவே வரைந்து நான்கு தொகுதிகளை நிரப்பினார். ஏறத்தாழ 1,600 படங்கள். ஓவியர் காரவாஜியோவை ஆதரித்த கார்டினல் தெல் மோந்தேவுக்கு அவற்றைச் சமர்ப்பித்தார். அவை இன்று ஃப்ளாரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தக் கோப்பை வரைபடங்களை வெறும் மாதிரிப் படம் என்று ஒதுக்குவது தவறு. கை தயங்கியதும், ஒரு கோட்டைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவியதும் இங்கேதான் தெரியும். மெருகேற்றிய வெள்ளியில் தெரியாது.

வெளிச்சம் ஆகாதென்று அருங்காட்சியகங்கள் இவற்றைப் பெரும்பாலும் இருட்டில்தான் வைத்திருக்கின்றன. ஆனால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமை இல்லாத தன் சேகரிப்பின் படங்களை 2017 முதல் இலவசமாகத் தருகிறது. நகை, பாத்திர வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளே, அவற்றைப் பெரிதாக்கி, கைப்பிடி கோப்பையோடு சேரும் இடத்தை நிதானமாகப் பாருங்கள்.