குஞ்சின் தொப்புளில் தொங்கும் மஞ்சட்கரு



கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வீட்டின் பின்புறம் நாட்டுக்கோழி வளர்ப்போர் இன்றும் உளர். மின்விளக்கு பொருத்திய சிறு அடைகாப்புப் பெட்டிகளும் சில இல்லங்களிற் புகுந்துள்ளன. பொரிக்கும் குஞ்சுகளுள் எப்போதேனும் ஒன்று, தொப்புளில் மஞ்சளும் சிவப்புமான ஒரு பை தொங்க, ஈரத்துடன் துவண்டு கிடக்கும். குடல் சரிந்துவிட்டது எனப் பிள்ளைகள் அஞ்சுவர். பெரியோருட் சிலர் அழுக்கென்று எண்ணிப் பிய்த்தெறிவர். பிய்த்தால் குருதி பெருகிக் குஞ்சு மாண்டுபோகும். அப்பை குடலுமன்று, அழுக்குமன்று. அது குஞ்சின் கட்டுச்சோறு.

கோழி முட்டை பொரிப்பதற்கு 21 நாட்கள் ஆகின்றன. அந்நாட்களில் மஞ்சட்கரு ஒரு மெல்லிய பையினுள் இருந்து, இரத்தக் குழாய்களின் வழியே கருவை ஊட்டி வளர்க்கின்றது. ஏறத்தாழ 19ஆம் நாளில் எஞ்சிய மஞ்சட்கரு பையோடு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படத் தொடங்குகின்றது. பை முழுவதும் உட்சென்ற பின்னரே தொப்புள் மூடிக்கொள்ளும். உள்ளே சென்ற பை சிறுகுடலோடு ஒரு நுண்குழாயால் இணைந்திருக்கும். உணவு மட்டுமன்றி, தாய்க்கோழி அளித்த நோயெதிர்ப்புப் பொருள்களும் அதில் உள்ளன.

இச்செய்தி புதியதன்று. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கருவுற்ற முட்டை நாளடைவில் அடையும் மாற்றங்களை ஆராய்ந்து எழுதினார். குஞ்சு பொரித்துப் பத்து நாட்களான பின்னும் அதன் குடலருகே சிறிது மஞ்சட்கரு எஞ்சியிருப்பதை அவர் குறித்துள்ளார். நுண்ணோக்கி இல்லாக் காலத்தில் வெறுங்கண்ணாற் கண்டது இது!

இக்கட்டுச்சோறு இருப்பதால்தான் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாட்கள் இரையின்றியும் உயிர் வாழும். முதற்குஞ்சு வெளிவந்த பின்னும் தாய்க்கோழி ஓரிரு நாட்கள் அடையை விட்டெழாமல் பிந்திய முட்டைகளுக்காகக் காத்திருக்க முடிவதும் இதனாலேயே. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு முதல் ஒருநாட் குஞ்சுகளை அஞ்சலில் அனுப்ப இசைவளித்ததும் இதனை நம்பியே.

அங்ஙனமாயின் பை ஏன் சில வேளைகளில் வெளியே நின்றுவிடுகின்றது? பெட்டியின் வெப்பமே பெரும்பாலும் காரணம். 37.5 பாகை செல்சியஸ் அளவிற்கு மேல் வெப்பம் மிகுந்தால் குஞ்சு பை உட்செல்லுமுன்பே முந்திப் பொரித்துவிடும். வெப்பம் குறைந்தாலும், ஈரப்பதம் ஒவ்வாமற் போனாலும் கேடு உண்டு. இறுதி மூன்று நாட்களில் ஆவல் மேலிட்டு மூடியைத் திறந்து திறந்து பார்த்தல் கூடாது.

இன்னொரு காரணம் நமது இரக்கம். ஓட்டில் முதற்கீறல் விழுந்த பின் குஞ்சு வெளிவர ஒரு முழு நாளும் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து ஓட்டை உரித்துவிடும் கைகள் பல. ஓடு உரிக்கையில் குருதி கசியுமாயின் வேலை முடியவில்லை என்பது பொருள். கையை எடுத்துவிடுதல் வேண்டும்.

பையோடு பிறந்த குஞ்சினை முதலில் மற்றக் குஞ்சுகளிடமிருந்து பிரிக்க வேண்டும். அவை அதனைக் கொத்திவிடும். கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்த தூய மெல்லிய துணியை ஒரு சிறு கிண்ணத்தில் விரித்து, குஞ்சினை அதனுள் அமர்த்துக. பஞ்சு வேண்டா, அதன் இழை பையில் ஒட்டும். மஞ்சள் தூளும் சாம்பலும் பூச வேண்டா. உலர்ந்து இறுகிப் பையைக் கிழிக்கும். நீர் கலந்த அயோடின் மருந்தினை ஒரு முறை மெல்லத் தொட்டு வைக்கலாம். பின்னர்க் கிண்ணத்தை அடைகாப்புப் பெட்டியிலேயே வைத்துவிடுக. நம் ஊர் வெப்பமே போதும் என்று எண்ணுதல் தவறு. முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை வேண்டும். நம் இரவுகளோ 24 பாகை வரை குளிர்வன. துணி காயாமல் பார்த்துக்கொண்டு, தொடாமல் விட்டுவிடுவதே மருத்துவம். சிறிய பையாயின் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ உள்ளிழுக்கப்படலாம். எஞ்சி நிற்கும் கருநிற நூல் போன்ற காம்பு தானே உதிரும். அதனை அறுத்தல் ஆகாது.

எல்லாக் குஞ்சுகளும் பிழைக்குமென்று நாம் சொல்லவில்லை. பை கிழிந்திருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. தொப்புள் ஈரமாய்க் கறுத்து, வயிறு உப்பி, தீநாற்றம் வீசினால் அது தொப்புள் அழற்சி. நுண்கிருமிகள் மஞ்சட்கருவில் புகுந்து பெருகிவிட்டன. மீந்த மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பதால் பயனில்லை. இறந்ததை ஆழக் குழிதோண்டிப் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. ஒரே அடையில் பல குஞ்சுகள் மடியுமாயின் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் தெரிவித்தல் நலம். எச்சம் படிந்த முட்டைகளை அடையில் வைக்காதிருப்பின் இந்நோய் பெரிதும் குறையும். அவற்றை ஈரத்துணியால் துடைத்து வைப்பதும் கூடாது. ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு உள்ளே போய்விடும்.

பை உட்சென்று தொப்புள் நன்கு உலர்ந்தபின், முதலில் தாழ்ந்த தட்டில் நீரும், அடுத்து நனைத்த நொய்யரிசியும் சிறிது கொடுக்கலாம். அன்றிரவு இருட்டியபின் தாய்க்கோழியின் சிறகடியில் மெல்லச் செருகிவிடுக.