தகர டப்பா கிட்டார்!

ஆப்பிரிக்காவில் ஒரு சந்தை. அங்கே ஓர் அம்மா, மாவை உருட்டி எண்ணெயில் பொரித்து இனிப்புப் பலகாரம் விற்றுக் கொண்டிருந்தார். கடைக்கு ஆள் வர வேண்டுமே, என்ன செய்வது? அவருடைய பையன் ஒரு தகர டப்பாவை எடுத்தான். மின்சார ஒயரை உரித்து, உள்ளே இருந்த கம்பியை அதில் இழுத்துக் கட்டினான். கிட்டார் தயார்! அவன் வாசிக்க, கூட்டம் கூட, பலகாரம் விற்றது.

அந்தப் பையன்தான் ஃபிராங்கோ. 1938இல் பிறந்தவர். காங்கோ நாட்டின் ரும்பா இசையில் இவரைத் தாண்டிய ஆள் இல்லை என்று இன்றும் தாத்தாக்கள் அடித்துச் சொல்வார்கள். பேரப் பிள்ளைகளோ, "போங்க தாத்தா, ஃபாலி இபுபா பாட்டைக் கேட்டிருக்கீங்களா?" என்பார்கள்.

சண்டைக்குள் போகும் முன்பு ஒரு பழைய கதை. சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு, காங்கோ பகுதி மக்களை ஐரோப்பிய வியாபாரிகள் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், கடலுக்கு அப்பால் கியூபா போன்ற இடங்களில் விற்றார்கள். கையில் ஒன்றும் எடுத்துப் போக முடியவில்லை. ஆனால் தாளமும் ஆட்டமும் மனசுக்குள் இருந்தன. அவை கியூபாவில் ஸ்பானிய இசையோடு கலந்தன. 1930களில் கியூபா பாட்டுகள் இசைத்தட்டுகளாகக் காங்கோவுக்கு வந்து சேர்ந்தன. கேட்டவர்களுக்கு ஆச்சரியம், "அட, இது நம்ம தாளமாச்சே!" தட்டின் மேல் ரும்பா என்று போட்டிருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் அவற்றில் பல, சோன் என்ற வேறு வகைப் பாட்டு!

முதலில் புகழ் பெற்றவர் வெண்டோ கொலோசோய். காங்கோ ஆற்றில் ஓடும் படகுகளில் மெக்கானிக்காக இருந்தவர். 1948இல் வந்த அவருடைய 'மரி லூயிஸ்' பாட்டை நள்ளிரவில் போட்டால் செத்தவர்கள்கூட எழுந்து வருவார்கள் என்று ஊரில் புரளி கிளம்பியது. பாட்டு எப்படி விற்றிருக்கும், பாருங்கள்!

அடுத்து வந்தவர் ஜோசஃப் கபாசெலே. அப்போது காங்கோவை பெல்ஜியம் ஆண்டு கொண்டிருந்தது. 1960 ஜனவரியில் விடுதலை பற்றிப் பேச, காங்கோ தலைவர்கள் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்குப் போனார்கள். கபாசெலேயின் ஆஃப்ரிக்கன் ஜாஸ் குழுவும் அங்கே போயிருந்தது. விடுதலை நாள் முடிவானதும் குழு ஒரு பாட்டைப் போட்டது. பெயர் 'அன்டிபான்டான்ஸ் சா சா'. வானொலி வழியே அது பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரவி, விடுதலைப் பாட்டாகவே ஆகிவிட்டது.

ஃபிராங்கோ 15 வயதில் முதல் இசைத்தட்டு கொடுத்தார். 1956இல் நண்பர்களோடு ஓ.கே. ஜாஸ் குழுவைத் தொடங்கினார். கபாசெலேயின் சீடர் தபு லே ரோஷரோ இன்னொரு பக்கம். ஒருவருக்குக் கிட்டார், ஒருவருக்குத் தேன் குரல். ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. ஆனால் 1983இல் கபாசெலே இறந்த பிறகு, போட்டியாளர்கள் இருவரும் சேர்ந்து அவர் நினைவாக ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். எனக்கு இந்த இருவரிடமும் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இவர்கள் பாட்டில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. முதலில் மெதுவாகக் கதை சொல்வார்கள். பாதிக்கு மேல் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மூன்று நான்கு கிட்டார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வேகமெடுக்கும். அந்த இடத்துக்கு 'செபேன்' என்று பெயர். ஆட்டம் அங்கேதான்! பாட்டின் வழியே அறிவுரையும் வரும். எய்ட்ஸ் நோய் பற்றி எச்சரித்து 1987இல் ஃபிராங்கோ ஒரு நீண்ட பாட்டு வெளியிட்டார். 1989இல் அவர் இறந்தபோது நாடே நான்கு நாள் துக்கம் அனுசரித்தது.

இதற்கிடையே 1969 டிசம்பரில் சில இளைஞர்கள் ஸாய்கோ லங்கா லங்கா என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். "டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் எதற்கு? கிட்டாரும் டிரம்மும் போதும்" என்பது அவர்கள் கட்சி. ரயில் ஓடுவது போன்ற வேகத் தாளம் போட்டார்கள். பெரியவர்கள் காதைப் பொத்திக் கொண்டார்கள்!

அந்தக் குழுவில் இருந்தவர்தான் பாப்பா வெம்பா. இவருடைய அம்மா இறந்த வீடுகளில் ஒப்பாரி பாடுபவர். அம்மாவோடு கூடப் போய்த்தான் பையன் பாடக் கற்றான். மேனி முழுக்க விலை உயர்ந்த உடை போட்டு அசத்தும் 'சப்பர்' இளைஞர்களுக்கு இவர்தான் தலைவர். 2016இல் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்தார்.

1990களில் வெங்கே மியூசிகா போன்ற குழுக்கள் கலக்கின. மெதுவான பகுதி சுருங்கி, செபேன் நீண்டது. நடுவில் நின்று "இப்படி ஆடு, அப்படி ஆடு" என்று கத்துவதற்கென்றே ஓர் ஆள்! அவருக்கு 'அட்டலாக்கு' என்று பெயர். அவர் கையில் இருக்கும் கிலுகிலுப்பை எதனால் செய்தது தெரியுமா? காலியான பூச்சிமருந்து டப்பா! தகர டப்பா கிட்டாருக்கு இதுதான் தம்பி.

இன்றைய நட்சத்திரம் ஃபாலி இபுபா. 2006இல் தனி ஆல்பம் கொடுத்தவர், 2023இல் பாரிஸின் மிகப்பெரிய உள்ளரங்கில் பாடினார். கம்ப்யூட்டர் தாளமும் போடுவார், தாத்தா காலத்து மெதுவான ரும்பாவும் பாடுவார். 2021இல் யுனெஸ்கோ, உலகின் கலாசார மரபுகள் பட்டியலில் காங்கோ ரும்பாவைச் சேர்த்தது. ஆற்றின் இரு கரையிலும் உள்ள இரண்டு காங்கோ நாடுகளும் சேர்ந்து இதற்கு விண்ணப்பித்திருந்தன.

யார் பெரியவர்? என் ஓட்டு ஃபிராங்கோவுக்கு. ஆனால் 1998இல் உலகையே ஆட வைத்த அவிலோ லொங்கோம்பாவின் அப்பா, ஃபிராங்கோவோடு சேர்ந்து ஓ.கே. ஜாஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரான்ஸில் ராப் பாடிக் கலக்கும் கிம்ஸின் அப்பா, பாப்பா வெம்பாவின் குழுவில் பாடியவர். கிம்ஸ் 2015இல் கொடுத்த பெரிய ஹிட் பாட்டு எதைப் பற்றித் தெரியுமா, குட்டீஸ்? பளபளவென்று உடுத்திக் கொள்வதைப் பற்றி!