போர்நினைவு வெள்ளி நாணயங்கள்

போரிற்பட்ட வீரருக்குக் கல் நாட்டி, அதன்கண் அவர்தம் பெயரையும் செயலையும் பொறித்தல் பழந்தமிழர் வழக்கம். தொல்காப்பியப் புறத்திணையியலும் இதனைக் கூறும். கல் ஓரிடத்தில் நிற்பது. காண விரும்புவோர் அதனை நாடிச் செல்லல் வேண்டும். அந்நினைவையே உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி வட்டிற் பொறித்து வீடுதோறும் சேர்ப்பித்தல் இக்கால நாடுகள் சில கைக்கொண்ட முறையாகும். அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெள்ளி டொலர்களை எடுத்துக்கொண்டு, அவை ஆக்கப்படும் வகையையும், தொகுப்போர் அறிய வேண்டுவனவற்றையும் ஈண்டு ஆராய்வாம். நம் பழைய மாணவர் பலர் கடல்கடந்து வாழும் இந்நாளில், இத்தகைய நாணயங்கள் அவர் கைவழியே நம் இல்லங்களுக்கும் வருதல் கூடுமாதலின், இவ்விளக்கம் பயன்படும் என நம்புகின்றோம்.

சட்டமும் உலோகமும்

அந்நாட்டில் நினைவு நாணயம் அடிக்கும் வழக்கம் 1954 ஆம் ஆண்டோடு நின்று, 1982 இல் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு நாணயத்துக்கும் காங்கிரஸ் சபை தனிச்சட்டம் இயற்றும். எத்தனை நாணயம் அடிக்கலாம், விலையோடு சேர்த்துப் பெறும் மிகைப்பணம் எந்நற்பணிக்கு உரியது என்பனவற்றை அச்சட்டமே வரையறுக்கும். வெள்ளி டொலர் ஒன்றுக்கு இம்மிகைப்பணம் பெரும்பாலும் 10 டொலராகும். ஆகவே, வாங்குவோன் நாணயத்தைப் பெறுவதோடு ஒரு நினைவுச்சின்னத்துக்குக் கல்லும் எடுத்துக் கொடுக்கின்றான்.

2018 ஆம் ஆண்டு வரை வெளிவந்த இந்நாணயங்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் பத்துப் பங்கு செம்பும் கொண்டவை. நிறை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீற்றர். தூய வெள்ளி மட்டும் ஏறத்தாழ 24 கிராம் இருக்கும். ஐயம் தோன்றும் நாணயத்தைத் தராசிலிட்டும் அளந்தும் பார்த்தால், பல போலிகள் அப்பொழுதே வெளிப்பட்டுவிடும்.

இருவகை முடிப்பு

இவை ‘புறூவ்’ என்றும் ‘அன்சேர்க்குலேற்றட்’ என்றும் இருவகையாக வெளிவரும். புறூவ் நாணயத்துக்கு அச்சும் வெள்ளி வில்லையும் தனியே மெருகிடப்படும். மிகுந்த அழுத்தத்தோடு இருமுறையேனும் அடிக்கப்படும். அதனால் நிலப்பரப்புக் கண்ணாடி போல ஒளிரும். உருவங்கள் பனி படிந்தாற் போல வெண்மையாய் நிற்கும். மற்றையது புழக்கத்துக்கு வாராத நாணயம். அதன் மேற்பரப்பு மங்கலான மென்மையொளி உடையது. ஆயின், சந்தையிற் புழங்கும் சில்லறையினும் அதுவும் கவனமாக அடிக்கப்படுவதே.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்கல் வேண்டும். புறூவ் என்பது ஆக்கிய முறையின் பெயரேயன்றித் தரத்தின் பெயரன்று. கீறல் விழுந்த புறூவ் நாணயமும் புறூவ் நாணயமே. தரம் 1 முதல் 70 வரையான எண்ணால் வேறாகக் குறிக்கப்படும்.

சில எடுத்துக்காட்டுகள்

1991 இல் கொரியப் போர் நினைவாக ஒரு டொலர் வெளிவந்தது. போர் ஓய்ந்தது 1953 இல். முப்பத்தெட்டாம் ஆண்டு நிறைவுக்கு விழா எடுப்பார் யாருமிலர். ஆயினும் கொரியாவைப் பிரித்த எல்லை முப்பத்தெட்டாம் அகலக்கோடு ஆதலின், அவ்வெண் பொருளுடையதாயிற்று.

1994 இல் மூன்று டொலர்கள் ஒருங்கு வந்தன. ஒன்று படைப்பணி புரிந்த பெண்களுக்கு, ஒன்று போர்க்கைதிகளுக்கு, ஒன்று வியட்நாம் நினைவுச்சுவருக்கு. கைதிகள் நாணயத்தில், காலில் அறுந்த சங்கிலியோடு ஒரு கழுகு முட்கம்பி வளையத்தினின்றும் பறக்கின்றது. வியட்நாம் நாணயத்திலோ வாளுமில்லை, வெற்றிக்கொடியுமில்லை. 58,000 இற்கு மேற்பட்ட பெயர்கள் பொறித்த சுவரை ஒரு கை தொடுகின்றது, அவ்வளவே. அக்கை யாருடையது என்று நாணயம் கூறவில்லை. தாயினதாகலாம், தோழனதாகலாம்.

2005 இல் கடற்படைக் காலாட்படையின் 230 ஆம் ஆண்டு நிறைவுக்கு வந்த டொலரில், 1945 பெப்ரவரி 23 இல் ஐவோ ஜீமாத் தீவில் யோ றோசன்தால் எடுத்த புகைப்படம் இடம்பெற்றது. கொடியை உயர்த்திய அறுவருள் மூவர், அத்தீவுப் போர் முடியுமுன் அங்கேயே மடிந்தனர். இஃதறியாதார் அந்நாணயத்தில் வெற்றியை மட்டுமே காண்பர்.

பேணும் முறை

நம் மனைகளில் வெள்ளியும் பித்தளையும் கறுத்தால் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவர். குத்துவிளக்குக்கு அது தகும். நாணயத்துக்கு அது கேடு. மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்தாலும் புறூவ் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் மயிரிழைக் கோடுகள் விழும். அவற்றைப் பின் மாற்றுதல் இயலாது. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால். அக்கறுப்பு இயல்பாய்ப் படிந்ததாயின் அதனை விட்டுவிடுதலே நன்று. நாணயத்தை விளிம்பிற் பிடித்தெடுக்க. வந்த உறையிலேயே வைக்க. ஈரம் புகாவண்ணம் காக்க. இறப்பர் நாடாவும், பீ.வீ.சீ. கலந்த மலிவான உறையும் ஆகா. பெட்டியையும் சான்றிதழையும் எறிந்துவிடலாகாது.

விலையும் மதிப்பும்

பளபளப்பு மிக்கதே அருமையானது எனப் பலர் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் மறுதலையாகும். வியட்நாம் டொலரில் புறூவ் வகை ஏறத்தாழ 2,27,000 விற்க, மற்றையது ஏறத்தாழ 57,000 மட்டுமே விற்றது. எல்லோரும் ஒளியை விரும்பி வாங்கியமையால் ஒளி குன்றியது அரிதாயிற்று. அன்றியும், 1990 களில் நினைவு நாணயங்கள் அளவின்றி வெளிவந்து வாங்குவோரைச் சலிப்பித்தமையால், 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சிகளுக்கே அவை அடிக்கப்படல் வேண்டுமெனச் சட்டம் வரம்பிட்டது. எனவே, பொருளீட்டும் நோக்கோடு இத்துறையிற் புகுவார்க்கு யாம் கூறத்தக்கது ஒன்றே: வெளியிட்ட விலையினும் தாழ்ந்து, வெள்ளியின் விலைக்கு அணுக்கமாக விற்ற நாணயங்கள் பல உள. பிள்ளையின் படிப்புக்குரிய பணத்தை இதில் முடக்குதல் தகாது.

ஆயின், கற்கும் நோக்கோடு தொகுப்பார்க்கு இழப்பில்லை. ஒரு நாணயத்தை வாங்கியவர் அப்போர் ஏன் மூண்டது, எத்துணைப்பேர் மீண்டிலர், எதிர்ப்பக்கத்து மாண்டாரை யார் நினைப்பர் என்று வினவி நூல்களை நாடுவாராயின், அவர் ஈந்த விலை கல்விக்கு ஈந்ததாகும். மாணவர் பத்து நாணயம் தேடி அலைதலினும், ஒரு நாணயத்தை முற்ற அறிதல் நன்று.