சங்க அலுவலகத்துக் கணினி: புதிது வாங்குவதா, உள்ளதைச் செப்பனிடுவதா?

நமது சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில், நூல் கொள்முதல், கடன் வசூல், உர இருப்பு ஆகிய விஷயங்களுக்கு அடுத்தபடியாக இந்நாட்களில் அதிக நேரம் பேசப்படுவது கணினியைப் பற்றியே ஆகும். புதிது வாங்குவதா, உள்ளதைச் செப்பனிடுவதா, விண்டோஸா, லினக்ஸா, வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது அவசியமா, வீணா என்று வாதங்கள் எழுகின்றன. திருவண்ணாமலை, போளூர், ஆரணி வட்டாரங்களில் ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் அங்கத்தினர்கள் இவ்வினாக்களை என்னிடமும் கேட்டு வருகின்றனர். கடை வியாபாரி கூறுவதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதிருத்தல் நலம் என்பதனால் இக்கட்டுரையை எழுதலானேன்.

கையெழுத்துப் பேரேடே போதாதோ என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. 2021-ஆம் ஆண்டில் ஐந்து பவுனுக்குட்பட்ட நகைக் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபொழுது, மாநிலமெங்குமுள்ள கடன் விவரங்கள் கணினியில் ஒன்று சேர்க்கப்பட்டன. ஒரே நபர் பல கடன்களைப் பெற்றிருந்தமை அப்பொழுதுதான் தெளிவாக வெளிப்பட்டது. தனித்தனிச் சங்கங்களின் பேரேடுகளை எத்தனை முறை புரட்டினாலும் இது தெரிந்திராது. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. அத்திட்டத்தின் பொது மென்பொருள் தொலைவிலுள்ள சர்வரில் இயங்குவது. கணக்கு நம் மேசைப் பெட்டிக்குள் தங்குவதில்லை. ஆயின் பெட்டியைப் பற்றிய கவலை ஒழிந்தது என்று எண்ணிவிடலாகாது. சர்வருக்குச் செல்லும் வாயில் இப்பெட்டியேயன்றோ!

இப்பொழுது வாதம் சூடுபிடித்ததற்குக் காரணம் விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளிவந்த அம்மென்பொருளுக்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றன. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி 2028 அக்டோபர் வரை திருத்தங்களைப் பெறலாம். கட்டணமோ ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பின்னர் ஆண்டுதோறும் இரட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாமெனில், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முன் வந்த இன்டெல் செயலிகள் பெரும்பாலும் அதன் பட்டியலில் இடம் பெறவில்லை. நம் சங்கங்கள் பலவற்றில் உள்ள கணினிகளோ அதற்கும் முற்பட்டவை. பெட்டி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கின்றது, எனினும் அதன் காவல் போய்விட்டது என்னும் நிலையை அங்கத்தினர்கள் உணர்வது கடினமாகவே உள்ளது. "நன்றாகத்தானே ஓடுகிறது, ஐயா?" என்பதே எங்கும் கேட்கும் சொல்.

இவ்விடத்தில் லினக்ஸ் கட்சியாரின் வாதம் வலுப்பெறுகின்றது. அது விலையற்றது, பழைய கணினியிலும் இயங்குவது, பாதுகாப்புத் திருத்தங்களும் இலவசம். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமே 2007-இல் பாஸ் என்னும் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல்லாண்டுகளாக லினக்ஸில் இயங்கி வருகின்றன. அங்குள்ள சிறுவர்கள் கற்றுக்கொண்டதை நம் எழுத்தர்கள் கற்க இயலாதென்பதை நான் ஒப்பவில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டவை. ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே கிடைக்கின்றன. ஆகவே சங்கத்தின் எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் லினக்ஸுக்கு மாற்றிவிட்டுக் கைரேகை வைக்க வந்த விவசாயியைத் திருப்பி அனுப்புவது அறிவுடைமையாகாது. என் அபிப்பிராயம் இது: இரண்டு கணினிகள் உள்ள சங்கம், விண்டோஸ் 11 ஏற்கும் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, பழையதில் லினக்ஸை நிறுவிக் கடிதம் தட்டச்சிடவும் இணையம் பார்க்கவும் பயன்படுத்தலாம். பழைய பெட்டி மெதுவாக இயங்குகிறதெனில், சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, ராம் நினைவகத்தை எட்டு ஜி.பி. ஆக்கினால் வேகத்தில் வியக்கத்தக்க மாற்றம் காணலாம். யு.பி.எஸ். பாட்டரியையும் நிலக்கம்பி இணைப்பையும் அதே வேளையில் சோதித்துவிடுக; ஐப்பசி இடி மின்னலில் பறிபோகும் கணினிகள் சொற்பமல்ல.

வைரஸ் தடுப்புச் சந்தாவைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. விண்டோஸுடன் வரும் டிபெண்டர் சிறு சங்கத்தின் அன்றாடத் தேவைக்குப் போதுமானது. திருத்தங்களைத் தவறாது நிறுவுதல் அதனினும் முக்கியம்.

ஆனால் நகல் விண்டோஸ் என்னும் தீமையை மென்மையாகக் கூறிச் செல்ல மனம் இடந்தரவில்லை. உரிமமின்றி நிறுவித் தரும் பழுது பார்ப்போர், திருட்டு வெளிப்படாதிருக்கத் திருத்தங்கள் வருவதையே நிறுத்திவிடுகின்றனர். இதன் விளைவு எத்தகையது என்பதை 2017 மே திங்கள் உலகுக்குக் காட்டியது. வானாகிரை என்னும் பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாதோரே பெரும்பாலும் சிக்கினர். பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. கேரளத்து வயநாட்டில் தரியோடு என்னும் கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்துக் கணினிகளும் அகப்பட்டுக்கொண்டன. "நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்போர் அவ்வூரை நினைவில் வைத்துக்கொள்வாராக.

நெசவாளர் சங்கங்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்றுண்டு. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டு நெய்வோர் ஜக்கார்டு பெட்டியை நன்கறிவர். துளையிட்ட அட்டையால் தறியை ஆளும் அம்முறை 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவரால் உருவாயிற்று. பிற்காலத்துக் கணிப்பொறிகள் துளையட்டையைக் கடன் வாங்கியது தறியிடமிருந்தே. (கணினியைக் கண்டு அஞ்சும் முதிய நெசவாளரிடம் இதைக் கூறும்பொழுதெல்லாம் அவர் முகம் மலர்வதைக் காணலாம்.) இன்று மின்னணு ஜக்கார்டு வந்துள்ள இடங்களில், புட்டா, கரை உருவரைகள் பென்டிரைவில் எடுத்துச் செல்லப்படுகின்றன. உருவரைக் கூடம், தறிக் கொட்டகை, சங்க அலுவலகம் என்று அதே பென்டிரைவ் சுற்றி வருமாயின், கூலிக் கணக்கும் ஜரிகை இருப்பும் உள்ள கணினிக்குள் தீநிரல் நடந்தே வந்துவிடும். உருவரைக்கென ஒரு பென்டிரைவைத் தனியே குறியிட்டு வைத்து, கணக்குக் கணினியில் அதைச் செருகாதிருப்பதே வழி.

கூட்டுறவு நிறுவனங்களைத் திருடர் நாடார் என்பதும் பொய்யாயிற்று. 1906-இல் தோன்றிய புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து 2018 ஆகஸ்டில் சுமார் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. 28 நாடுகளின் ஏ.டி.எம். இயந்திரங்கள் அதற்குப் பயன்படுத்தப்பட்டன. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் பணயத் தீநிரலால் தாக்கப்பட, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 வங்கிகளின் மின்னணுப் பணப்பரிமாற்றம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. சர்வர் பெரிதாயினும் தற்காப்புப் படி நம்மிடமும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. சர்வரிலுள்ள கணக்கின் அறிக்கைகளையேனும் நாள்தோறும் இறக்கி அச்சிட்டோ சேமித்தோ வைத்தல் நன்று. சங்கக் கணினியிலேயே கணக்கு வைப்போர் மூன்று படிகள் வைப்பாராக: ஒன்று கணினியில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று அலுவலகத்திற்கு வெளியே. டிஸ்கை எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருப்பின் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும்.

இவையனைத்தினும் பெரிதெனக் கருதுவது கடவுச்சொல் விஷயம். நிர்வாகக் குழுவினர் எந்தக் கம்பெனிக் கணினி என்பது பற்றி ஒரு மணி நேரம் வாதிடுகின்றனர். செயலாளரின் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருப்பதை ஒருவரும் பேசுவதில்லை. ஒருவர் பெயரில் மற்றொருவர் பதிவு செய்தால், பின்னர் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 81-ஆம் பிரிவின் கீழ் விசாரணை வருமாயின், கணினி காட்டுவது கடவுச்சொல்லுக்குரியவரின் பெயரையே. 87-ஆம் பிரிவின் கீழ் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியவர் யாவர் என்னும் கேள்வி எழும்பொழுது, "எழுத்தர் தம்பிதான் போட்டார்" என்னும் பதில் எவ்வளவு தூரம் செல்லும்? எழுத்தருக்கும் இதே ஆபத்துண்டு. தனித்தனிக் கடவுச்சொல் ஒருவர்மீது மற்றவர் கொண்ட அவநம்பிக்கையன்று, இருவருக்கும் பாதுகாப்பு.

தொலைவிலிருந்து திரையைக் கையாளும் எனிடெஸ்க் போன்ற செயலிகளிலும் விழிப்பு வேண்டும். பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டத்தால் பழுது பார்ப்பவர் நகரைவிட்டு வெளிவர இயலாது. அப்பொழுது தொலைவிலிருந்தே சரி செய்வது சௌகரியமே. ஆயினும் நாம் அறிந்தவரை நாமே அழைத்தாலன்றி, எண்ணைக் கேட்டுத் தாமாகப் பேசுவோருக்குத் திரையைத் திறத்தல் கூடாது. வேலை முடிந்ததும் செயலியை நீக்கிவிடுக. பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சிட்ட துணை விதிகளும் தீர்மானங்களும் புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றுவதைப் பலர் முறையிடுகின்றனர். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய கணினியைக் கழிப்பதற்கு முன்னரே அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து, செயலாளர் கையொப்பத்துடன் ஓர் அச்சுப் படியும் கோப்பில் வைக்கப்பட வேண்டும். கழிக்கும் கணினியின் டிஸ்கை மட்டும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுத்துவிடாது கழற்றி வைத்துக்கொள்க. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அதிலேதான் உள்ளன.