உங்க தெரு தண்ணி குழாய்க்கு யார் இஎம்ஐ கட்டுறாங்க?



எங்க அபார்ட்மென்ட்ல மொத்தம் 24 வீடு. நான் சிஏ-ங்கிற ஒரே காரணத்துக்காக அசோசியேஷன் கணக்கு என் தலையில. ரெண்டு வருஷம் முன்னாடி, ஏப்ரல் மாச டேங்கர் பில் மட்டும் 57,600 ரூபாய் வந்துச்சு. ஒரு வீட்டுக்கு 2,400.

அதே மாசம்தான் எங்க ஏரியாவுக்கு குடிநீர் குழாய் திட்டம் வருது, ஒரு வீட்டுக்கு சுமார் 10,000 ரூபாய் டெபாசிட் கட்டணும்னு தகவல் வந்துச்சு. மீட்டிங் போட்டோம். "வரி கட்டுறோம்ல, அப்புறம் எதுக்கு டெபாசிட்?"னு ஒரு ரிட்டயர்டு சார் கேட்டார். ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கிற ஐடி தம்பி, "அண்ணா, நான் அடுத்த வருஷம் வீடு மாறிடுவேன், எனக்கு எதுக்கு இது?"னு கேட்டான்.

ரெண்டுமே நியாயமான கேள்வி. ஆனா டேங்கர் பில்லை பத்தி யாரும் கேக்கல. நாலு மாச டேங்கர் காசு 9,600 ரூபாய், டெபாசிட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டேங்கருக்கு கொடுத்தது போனது போனதுதான். குழாய் முப்பது வருஷம் தெருவுல கிடக்கும்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சேன். ஒரு ஊரு தண்ணி குழாய் போட கடன் வாங்கினா, அந்தக் கடன் எப்படி ஓடுது? வட்டியை எப்படிக் குறைக்கிறாங்க? அதுல நம்ம பாக்கெட்டுக்கு என்ன சம்பந்தம்? இந்தப் பதிவு அதைப் பத்திதான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

ஒரு சின்ன நகராட்சின்னு வெச்சுக்குவோம். 10,000 வீடு. குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாம் சேர்த்து 10 கோடி ரூபாய் செலவு. முழுசும் கடன். இது வெறும் உதாரணக் கணக்குதான். வருஷத்துக்கு ஒரு தவணை, எல்லா வருஷமும் ஒரே தொகை.

• 12% வட்டி, 5 வருஷம்: ஒரு வீட்டுக்கு மாசம் சுமார் 231 ரூபாய்
• 12% வட்டி, 15 வருஷம்: மாசம் சுமார் 122 ரூபாய்
• 9.2% வட்டி, 15 வருஷம்: மாசம் சுமார் 105 ரூபாய்
• 8% வட்டி, 30 வருஷம்: மாசம் சுமார் 74 ரூபாய்

நல்லா பாருங்க. வட்டி 12-லேர்ந்து 9.2-க்கு இறங்கினதுல 17 ரூபாய்தான் குறைஞ்சுது. காலம் 5-லேர்ந்து 15 வருஷம் ஆனதுல 109 ரூபாய் குறைஞ்சுது. ஊருக்குத் தேவை குறைஞ்ச வட்டி மட்டும் இல்ல, பொறுமையான கடன்.

"சார், நீங்கதானே கடன் காலத்தை நீட்டாதீங்கன்னு வீடியோவுல சொல்வீங்க?"னு கேப்பீங்க. சரிதான். காலம் நீண்டா மொத்த வட்டி கூடத்தான் செய்யும். மேல சொன்ன முதல் கணக்குல மொத்தம் கட்டுறது 13.9 கோடி. மூணாவதுல 18.8 கோடி. ஆனா நான் சொல்ற ரூல் இதுதான்: பொருள் எவ்வளவு நாள் உழைக்குமோ, கடன் அதுக்கு மேல ஓடக்கூடாது. மூணு வருஷத்துல பழசாகுற போனுக்கு அஞ்சு வருஷக் கடன் தப்பு. முப்பது வருஷம் தண்ணி வர்ற குழாய்க்கு அஞ்சு வருஷக் கடனும் தப்புதான். இன்னிக்கு அந்தத் தெருவுல இருக்கிறவங்க தலையில மட்டும் முழு பாரமும் விழும். பத்து வருஷம் கழிச்சு குடிவர்றவர் ஒண்ணும் கொடுக்காம தண்ணி குடிப்பார். காலத்தை நீட்டினா, யார் எப்போ அங்க இருக்காங்களோ அவங்க தன் பங்கைக் கட்டுவாங்க.

ஐடி தம்பிக்குப் பதில் இதுதான். அவன் இருக்கிற வரைக்கும் அவன் பங்கு, போனப்புறம் அடுத்தவர் பங்கு.

பெரிய ஊருக்கு வழி இருக்கு, சின்ன ஊருக்கு?

1998-ல அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசோட உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்கு பாண்ட் வெளியிட்டுச்சு. வட்டி 14%, காலம் 7 வருஷம். முக்கியமா குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக. அதுக்கு முன்னாடி சில வருஷமா வரி வசூலைச் சீர்படுத்தி, பற்றாக்குறையா இருந்த கணக்கை உபரிக்குக் கொண்டு வந்திருந்தாங்க. அதனாலதான் மார்க்கெட் நம்பிச்சு.

ஆனா ஒரு பேரூராட்சி இதைச் செய்ய முடியுமா? அதுக்குத் தேவை ரெண்டு மூணு கோடி. அதுக்கு ரேட்டிங், வக்கீல், ஆவணம், டிரஸ்டின்னு செலவு பண்ணா, அந்தச் செலவே கடனை விழுங்கிடும். "இந்த ஊர் கட்டலைன்னா என்ன பண்றது?"ன்னு கடன் கொடுக்கிறவர் பயப்படுவார். பயம் கூடினா வட்டியும் கூடும்.

உங்களுக்கு சிபில் ஸ்கோர் இல்லாதப்போ முதல் லோன் கேட்டு பேங்க்ல நின்ன அனுபவம் இருக்கா? அதே நிலைமைதான்.

தமிழ்நாடு போட்ட வழி: பதிமூணு ஊர், ஒரே பாண்ட்

இந்த இடத்துல நாம பெருமைப்படலாம். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 1996-லயே ஆரம்பிச்சாச்சு. மாநில அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து, உலக வங்கி ஆதரவோட உருவாக்கினது. உள்ளாட்சிகளுக்கு நீண்டகாலக் கடன் கொடுக்கிறதுதான் இதோட வேலை.

அடுத்த படி 2002-ல. தண்ணீர் மற்றும் சுகாதாரத்துக்குன்னு தனியா ஒரு கூட்டு நிதியம் அமைச்சு, 13 சின்ன, நடுத்தர உள்ளாட்சிகளோட தேவையை ஒண்ணாச் சேர்த்து, 30.41 கோடி ரூபாய்க்கு ஒரே பாண்டா வெளியிட்டாங்க. வட்டி 9.20%. காலம் 15 வருஷம். அந்த நேரத்துல தனித்தனியா போயிருந்தா இந்த ஊர்கள்ல பலதுக்கும் மார்க்கெட் கதவே திறந்திருக்காது.

முதலீட்டாளர் எப்படி நம்பினார்? அடுக்கடுக்கா பாதுகாப்பு வெச்சாங்க:

1. ஒவ்வொரு ஊரும் தன் சொந்த வருமானத்துலேர்ந்து தவணைப் பணத்தை முதல்லயே தனிக் கணக்குல எடுத்து வைக்கணும். சம்பளம் வந்த அன்னிக்கே எஸ்ஐபி போற மாதிரி.
2. அது குறைஞ்சா எடுத்துக்க, மாநில அரசு பணம் போட்ட ஒரு இருப்பு நிதி. நம்ம பாஷையில எமர்ஜென்சி ஃபண்ட்.
3. அதுல கை வெச்சா, அந்த ஊருக்கு மாநில அரசு கொடுக்க வேண்டிய நிதிப் பகிர்வுலேர்ந்து பிடிச்சு நிரப்பிடுவாங்க.
4. எல்லாத்துக்கும் மேல, அசல்ல பாதிக்கு யுஎஸ்எய்ட், அதாவது அமெரிக்க அரசோட வளர்ச்சி உதவி அமைப்பு, உத்தரவாதம் கொடுத்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, மானியம் முக்கிய வேலை செய்யலைங்கிறதுதான். கடன் கொடுக்கிறவரோட பயத்தைக் குறைச்சாங்க, வட்டி தானா இறங்குச்சு. அரசுப் பணம் ஒரு ரூபாயை குழாய்ல போட்டா ஒரு ரூபாய் குழாய்தான் கிடைக்கும். அதே ரூபாயை இருப்பு நிதியா வெச்சா, அதைப் பார்த்து பல ரூபாய் கடன் உள்ளே வரும்.

2005-ல கர்நாடகாவும் இதே பாணியில, பெங்களூரைச் சுத்தி இருந்த 8 உள்ளாட்சிகளுக்காக 100 கோடி ரூபாய் திரட்டுச்சு. வட்டிக்கு வரி விலக்கு இருந்ததால 5.95%-லயே பணம் கிடைச்சுது.

ஆலந்தூர் சொன்ன பாடம்

எங்க மீட்டிங்ல அந்த சார் கேட்டாரே, "எதுக்கு டெபாசிட்?"னு. அதுக்கு பதில் சென்னைக்குப் பக்கத்துலயே இருக்கு.

1990-கள் கடைசியில ஆலந்தூர் தனி நகராட்சி. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி. பாதாளச் சாக்கடை வேணும், முழுசும் கடன் வாங்கினா தாங்காது. வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டாங்க, அப்புறம் மாசம் 150 ரூபாய் கட்டணம். அப்போ நகராட்சித் தலைவரா இருந்த ஆர்.எஸ். பாரதியும் அதிகாரிகளும் குடியிருப்போர் சங்கங்களோட கூட்டம் கூட்டமாப் பேசினாங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டினாங்க.

அந்த டெபாசிட் ரெண்டு வேலை பண்ணுச்சு. ஒண்ணு, கடன் தொகை குறைஞ்சுது. ரெண்டு, கடன் கொடுக்கிறவருக்கு ஒரு சேதி போச்சு: இந்த ஊர் மக்களுக்கு இது வேணும், மாசாமாசம் கட்டவும் செய்வாங்க. வீட்டு லோனுக்கு நீங்க போடுற டவுன் பேமென்ட் மாதிரிதான். பேங்க் ஏன் 100% லோன் கொடுக்கிறதில்ல? உங்க கைக்காசு உள்ளே இருந்தா நீங்க விட்டுட்டு ஓட மாட்டீங்கங்கிற நம்பிக்கை.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 5,000 ரூபாய் அன்னிக்கு சின்னத் தொகை இல்ல. டெபாசிட் வாங்கிட்டு வேலையை இழுத்தடிச்சா மக்கள் நம்பிக்கை போயிடும். அதனால "ஏன் டெபாசிட்?"னு கேக்கறதை விட, "எந்தத் தேதிக்குள்ள தண்ணி வரும், பணம் எந்தக் கணக்குல இருக்கும்?"னு கேளுங்க. எங்க அசோசியேஷன் கடைசியில அதைத்தான் எழுத்துல கேட்டுச்சு. பதில் வந்தப்புறம் 24-ல 21 வீடு கட்டினாங்க. கையெழுத்து போட்டதுல அந்த ரிட்டயர்டு சார்தான் முதல் ஆள். ஐடி தம்பியோட ஹவுஸ் ஓனரும் கட்டிட்டார்.

இதுல நாம முதலீடு பண்ண முடியுமா?

முடியும். 2015-ல செபி நகராட்சி பாண்டுகளுக்குன்னு தனி விதிமுறை கொண்டு வந்துச்சு. பாண்ட் வெளியிடுற நகரங்களுக்கு ஒன்றிய அரசோட அம்ருத் திட்டத்துல ஊக்கத்தொகையும் உண்டு: 100 கோடி திரட்டினா 13 கோடி, அதிகபட்சம் 26 கோடி. 2021-ல காசியாபாத் மாநகராட்சி, கழிவுநீரைச் சுத்திகரிச்சு தொழிற்சாலைகளுக்கு விக்கிற நிலையத்துக்காக 8.1% வட்டியில 150 கோடி திரட்டுச்சு.

நம்மள மாதிரி சம்பளக்காரங்களுக்கு சுவாரசியமானது 2023 பிப்ரவரியில வந்த இந்தூர் பாண்ட். இந்தூருக்குத் தண்ணி தொலைவுல இருக்கிற நர்மதையிலேர்ந்து பம்ப் பண்ணி வருது. அதுக்கான கரண்ட் பில்தான் பெரிய தலைவலி. அதனால ஜலூத்ல 60 மெகாவாட் சோலார் நிலையம் கட்ட 244 கோடி திரட்டினாங்க. வட்டி 8.25%, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. ஒரு பாண்ட் 1,000 ரூபாய், குறைஞ்சபட்சம் 10,000 போடணும். அசல் 3, 5, 7, 9 வருஷத்துல நாலு பாகமா திரும்பும். கேட்டதை விட பல மடங்கு விண்ணப்பம் வந்துச்சு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சிஏ-வா சில விஷயம் சொல்லியாகணும்:

• வரி: எல்லா நகராட்சி பாண்டும் வரி விலக்கு இல்ல. அரசு தனியா அறிவிச்சதுக்கு மட்டும்தான். இந்தூர் வட்டிக்கு உங்க ஸ்லாப் படி வரி உண்டு. 30% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து, 8.25% கையில 5.7% அளவுக்குத்தான் நிக்கும்.
• எஃப்டி இல்ல: பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. பாண்டுக்கு கிடையாது. ரேட்டிங்கைப் பாருங்க, தவணைப் பணம் தனிக் கணக்குல எடுத்து வைக்கப்படுதான்னும் பாருங்க.
• அவசரத்துக்கு ஆகாது: எக்ஸ்சேஞ்ச்ல லிஸ்ட் ஆகியிருந்தாலும், நீங்க விக்க நினைக்கிற அன்னிக்கு வாங்க ஆள் இருக்கணும். பெரும்பாலும் ரொம்பக் கொஞ்சமாத்தான் வியாபாரம் நடக்கும்.

என் அபிப்பிராயம்: எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாம் முடிச்சவங்க, கடன் பத்திரங்களுக்கு ஒதுக்கின பணத்துல ஒரு சின்னப் பங்கு போடலாம். "ஊருக்கு நல்லது"ங்கிற ஒரு காரணத்துக்காக மட்டும் போடாதீங்க.

காசு போடாமலே செய்யக்கூடியது

ஒண்ணு, சொத்து வரியை நேரத்துக்குக் கட்டுங்க. நம்ம ஊர்ல அரையாண்டின் முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். ஏப்ரல், அக்டோபர் மாசத்துக்கு போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க. அப்பா பேர்ல வீடு இருந்தா அப்பாவுக்கும் ஞாபகப்படுத்துங்க. ஒரு உள்ளாட்சியோட கடன் தகுதியை முடிவு பண்றது அதோட சொந்த வசூல்தான். ஊரோட சிபில் ஸ்கோர்ல உங்க ரசீதும் ஒரு வரி.

ரெண்டு, உங்க உள்ளாட்சி பட்ஜெட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. மூணு எண் போதும்: சொந்த வருமானம் எவ்வளவு, அதுல கடன் தவணைக்கு எவ்வளவு போகுது, குடிநீர்க் கட்டணம் எவ்வளவு வசூலாகுது. நம்ம சம்பளத்துல இஎம்ஐ எத்தனை சதவீதம்னு பார்ப்போமே, அதே கணக்கு.

மூணு, உங்க அபார்ட்மென்ட் டேங்கர் பில்லை பன்னிரண்டு மாசத்துக்குக் கூட்டிப் பாருங்க. எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அந்த எண்களை வெச்சே, உங்க தெருவுக்கு ஒரு குழாய் வந்தா எத்தனை மாசத்துல செலவு திரும்பும்னு கணக்குப் போட்டுக் காட்டுறேன்.