குப்புற விழும் பருவம்

தொண்டூரில் என் அக்கா மகன் ஆறு மாதம் நிறைந்தும் குப்புற விழவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை ஐந்தாம் மாதமே கவிழ்ந்ததைச் சொல்லிச் சொல்லி ஆயா கலங்கினார், அக்கா அழுதாள். அக்கவலையே இதுபற்றிப் படிக்க என்னைத் தூண்டியது.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தை வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை 5-ஆம் மாதத்திற்கும், கைகொட்டும் சப்பாணி 9-ஆம் மாதத்திற்கும் உரியன என்பர். இலக்கியம் ஒரு மாதத்தைச் சுட்ட, மருத்துவமோ ஒரு கால எல்லையைத் தருகிறது.

வளர்ச்சி தலையிலிருந்து கீழ்நோக்கி நிகழ்வது. முதலில் கழுத்து நிற்கும். பின்னர் தோளும் முதுகும் இடுப்பும் உறுதிபெறும். ஆதலால் கழுத்து நின்ற பின்னரே பிள்ளை புரளும். பெரும்பாலான குழந்தைகள் 4 முதல் 6 மாதத்திற்குள் புரளும். சில சற்றுப் பிந்தும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, தனியே நடக்கும் காலம் 8 மாதம் முதல் 17 மாதத்திற்கு மேலும் வேறுபடுகிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழங்காலிட்டுத் தவழவேயில்லை.

குறைமாதப் பிள்ளைக்கோ, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே மாதத்தை எண்ண வேண்டும். எங்கள் பையன் ஆறு வாரம் முந்திப் பிறந்தவன். கணக்கின்படி அவனுக்கு நாலரை மாதமே! மருத்துவரும் அதையே சொன்னார்.

விழித்திருக்கையில் பாயில் குப்புறப் படுக்கவைத்து, அருகிருந்து கவனித்தால் கழுத்து வலுப்பெறும். ஆயினும் 4 மாதத்தில் கழுத்து நிற்காவிடினும், 9 மாதத்தில் உட்காராவிடினும் மருத்துவரிடம் காட்டத் தவறலாகாது.

அடுத்த மாதம் பையன் புரண்டான். ஆயா எதிர்வீட்டுக்கும் பலகாரம் கொடுத்தனுப்பினார்.